பாக்கியத்தின் நாவும் பால் செம்பும்

கரும்பு விளையும் தீவு ஒன்றின் பீனிக்ஸ் ஊரில் கம்பளிச் சட்டை பின்னும் தொழிற்சாலை ஒன்றில், கழுத்துப் பட்டி இணைக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள் பாக்கியம். அந்த வேலைக்குக் கண்ணும் விரலும் வேண்டும், வாய் வேண்டியதில்லை. வட்டத் தட்டு ஒன்றின் விளிம்பில் ஊசிமுனைகள் நெருக்கமாக நிற்கும். சட்டையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அந்த முனைகளில் மாட்ட வேண்டும். ஒரு கண்ணி தப்பினால் போதும், ஐரோப்பாவில் முகமறியாத யாரோ ஒருவர் தலையை நுழைக்கும்போது கழுத்து பிரிந்து தொங்கும். அதனால் அக்கூடத்துப் பெண்கள் காலை முதல் மாலைவரை குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள். பாக்கியமும் அப்படித்தான் இருந்தாள். ஆனால் வேலையின்றிக் கிடந்த தன் வாயை அவள் சும்மா விடவில்லை.

மேற்பார்வையாளர் ரோபெர் சீழ்க்கையடித்துக்கொண்டே வரும் விதம், சேன் பியேரிலிருந்து வரும் பேருந்தில் இடம் பிடிக்கப் பெண்கள் போடும் சண்டை, புதிதாக வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டிமேல் பூத்தையல் துணி விரித்து அதன்மேல் கண்ணாடி மீனை வைக்கும் மாமியார்கள் என்று எதையும் விடமாட்டாள். குனிந்த தலையுடன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், தீவின் பேச்சுமொழியான கிரியோலில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போவாள். முதலில் அவளுக்கு வலப்பக்கம் இருக்கும் யொலாந்தின் தோள் குலுங்கும். பிறகு அந்தக் குலுக்கம் வரிசை நெடுக ஓடும்.

"நிறுத்துடி பாக்கியம்! எனக்குக் கண்ணி தப்புது!" என்று யொலாந்த் கண்ணைத் துடைப்பாள்.

"உனக்குக் கண்ணி தப்பினா எனக்கென்ன? என் சட்டை ஒழுங்காத்தானே போகுது."

இடப்பக்கம் தனலட்சுமி இருந்தாள். பாக்கியத்தின் ஊர்க்காரி, கோவில் பஜனைக் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். சிரிப்பை அடக்கிப் பார்ப்பாள். அடங்காதபோது, "முருகா, இவளை மன்னிச்சுடு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

அந்த நாட்களில் தீவின் தொலைக்காட்சியில் சனிக்கிழமை மாலைதோறும் 'மிக்ரோ லீப்', அதாவது 'திறந்த ஒலிவாங்கி', என்றொரு தொடர் வரத் தொடங்கியிருந்தது. மேடையில் நாற்காலி இல்லை, வேடம் இல்லை, பாட்டு இல்லை. ஓர் ஒலிவாங்கி மட்டும் நிற்கும். யாராவது ஒருவர் தனியே அதன் முன் வந்து தம் வாழ்க்கையைச் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். பல பேர் கூடி நடிக்கும் நகைச்சுவை நாடகத்தையே அறிந்திருந்த தீவுக்கு இது புதிது. "ஒரே ஆள் நின்று பேசுவதா? அதைப் பார்க்கவா கரண்டு செலவு செய்கிறோம்?" என்று கேட்டவர்களும் சனிக்கிழமை வந்தால் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள்.

பாக்கியத்தின் பெயரை அத்தொடருக்கு அனுப்பி வைத்தவள் யொலாந்த். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் முறை அரங்கத்தில் நின்றபோது பாக்கியத்தின் கண்ணுக்கு எதிரே வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அப்பால் இருட்டு. ரோபெரின் சீழ்க்கையில் தொடங்கினாள். அவள் வாய் மூடியதும் ஒரு கணம் அந்த இருட்டு அப்படியே இருந்தது. அடுத்த கணம் அதற்குள்ளிருந்து சிரிப்பு எழுந்து வந்தது. தன் தோழியரின் அடக்கிய சிரிப்பு அல்ல அது. முகமில்லாத பெரிய ஒன்று அவள் சொல்லுக்குக் காத்திருந்து வாய் திறந்தது போலிருந்தது. கருவறையின் திரை விலகும்போது கை தானாகக் கூம்புவதுபோல் அவள் கை ஒலிவாங்கியின் முன் கூம்பப் பார்த்தது. இது என்னுடையது அல்ல, என் வழியாக வருகிறது என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் கணவன் ஆறுமுகத்திடம் அதைச் சொல்லத் தெரியவில்லை. "பயமா இருந்துச்சு. ஆனா நல்ல பயம்" என்று மட்டும் சொன்னாள்.

தொழிற்சாலையைப் பற்றிப் பேசிய வாரங்களில் அவளைப் பிடிக்காதவர் தீவில் இல்லை. ரோபெர்கூடத் தன்னைப் பார்க்க வருவோரிடம், "அந்தச் சீழ்க்கை நான்தான்" என்று பெருமையடித்துக்கொண்டார். பிளவு வந்தது தைப்பூசம் நெருங்கிய சனிக்கிழமையில்.

அன்று அவள் இப்படிப் பேசினாள்:

"எங்க வீடுகள்ல காவடி வந்தா பத்து நாள் விரதம். மீன் இல்லை, இறைச்சி இல்லை, ரம் இல்லை, புருஷன் பெண்டாட்டி ஒரே கட்டில்ல இல்லை. எங்க மாமா ஒருத்தர் முதல் மூணையும் நினைச்சு நினைச்சு அழுவார். நாலாவதுக்கு எங்க மாமி முருகனுக்கு நன்றி சொல்லுவாங்க. ராத்திரி ஆனா மாமா பிரிஜைத் திறப்பார், உள்ளே இருக்கிற மீனைப் பார்ப்பார், மூடுவார். 'பார்க்கிறது பாவமில்லை'ம்பார். கடைசி நாள் செம்புல பால் எடுத்துக்கிட்டு வெயில்ல நடக்கணும். கோவில்ல திறக்கும்போது பால் திரிஞ்சிருந்தா, விரதத்துல கோளாறுன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும். எங்க அப்பா காலத்துல நாலு பேர் பாலாவது திரியும். இப்ப யாருக்குமே திரியறதில்லை. ஊர் அவ்வளவு திருந்திடுச்சான்னு ஆச்சரியப்பட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. எல்லார் வீட்டிலேயும் பிரிஜ் வந்தாச்சு. பாலை முந்தின ராத்திரியே கல்லு மாதிரி உறைய வச்சுடறாங்க. விரதம் இருக்கிறது பிரிஜ், புண்ணியம் மாமாவுக்கு! முருகா, சோதிக்கணும்னா இனி எங்களைச் சோதிக்காதே. மின்சாரத்தைச் சோதி!"

அரங்கம் அதிர்ந்தது. தீவு இரண்டாகப் பிளந்தது.

திங்கட்கிழமைப் பேருந்தில் ஏறியபோதே அவளுக்கு அது தெரிந்தது. முன் இருக்கைப் பெண்கள் கைதட்டினார்கள். பின் இருக்கைப் பெண்கள் சன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்தார்கள். நடத்துனர் பயணச்சீட்டை நீட்டி, "மாமி நலமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். கூடத்தில் தனலட்சுமி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

"என்னடி, பேசமாட்டியா?"

"உன்னோட பேசினா நாளைக்கு நானும் பெட்டியில வருவேன்" என்றாள் தனலட்சுமி. "நமக்குள்ளே சிரிக்கிறது வேற, பாக்கியம். ஊரார் எல்லாம் நம்ம சாமியைப் பார்த்துச் சிரிக்க வச்சியே, அது வேற."

"சாமியைப் பார்த்து நான் சிரிக்கலை. மாமாவைப் பார்த்துத்தான்."

"செம்பு மாமாவோடதா, சாமியோடதா?"

பாக்கியம் குனிந்து அடுத்த கண்ணியை மாட்டினாள். யொலாந்த் மெதுவாகச் சொன்னாள்: "நான் தரையில விழுந்து சிரிச்சேன். அப்புறம், நான் இதுக்குச் சிரிக்கலாமான்னு யோசிச்சேன். எங்க மாதா கோவில்ல இப்படி யாராவது சொல்லியிருந்தா எங்கம்மா செருப்பைக் கழட்டியிருப்பா."

வாரம் முழுவதும் இதே கதைதான். தமிழிளைஞர் சிலர் தெருவில் அவளை நிறுத்தி, நம் காவடியைப் பற்றித் தொலைக்காட்சியில் செய்தியாக அல்லாமல் பேச்சாக முதன்முதல் கேட்டோம் என்று கையைப் பற்றிக்கொண்டார்கள். கோவில் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்த சாந்தகுமாரி டீச்சர் எதிர்ப்பட்டபோது குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். பத்திரிகைக்குக் கடிதங்கள் போயின. ஒன்று அவளைத் துணிச்சல்காரி என்றது, இன்னொன்று தொடரையே நிறுத்தச் சொன்னது. இவற்றையெல்லாம்விட வேடிக்கை, ஊரில் குறைந்தது நான்கு ஆண்கள் அந்த மாமா தாம்தான் என்று உறுதியாக நம்பினார்கள். அவர்களில் ஒருவருக்கு வீட்டில் பிரிஜே கிடையாது.

இத்தனையும் மூன்று நிமிடச் சொல்லிலிருந்து புறப்பட்டது என்பதை எண்ண எண்ணப் பாக்கியத்துக்குத் திகைப்பாக இருந்தது. இருட்டிலிருந்து சிரிப்பை எழுப்பியது போலவே கோபத்தையும் தானே எழுப்பியிருக்கிறாள். இரண்டின் அளவும் அவள் கையில் இல்லை.

திகைப்புக்குப் பின்னால் அச்சமும் இருந்தது. ஏனென்றால் அந்தத் தைப்பூசத்தில் காவடி எடுக்க வேண்டியவள் அவள்.

முந்தின ஆண்டு, தெற்கே சுயாக் ஊர்ப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு கடற்கரை விடுதியின் கூரையிலிருந்து ஆறுமுகம் கீழே விழுந்தான். மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்தவனின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வேண்டிக்கொண்டாள். ஆறுமுகம் எழுந்தான், ஒரு காலைச் சற்றே இழுத்தாலும் நடந்தான். வேண்டுதல் நிலுவையில் நின்றது. கொடியேற்றும் நாளில் கோவிலில் காப்புக் கட்டிக்கொண்டால்தான் விரதம் தொடங்கும். அந்தக் காப்பை அவளுக்குக் கட்டக் கூடாது என்று கோவில் சபையில் பாதிப் பேர் சொன்னார்கள்.

"வேற ஊர்க் கோவிலுக்குப் போவோம்" என்றான் ஆறுமுகம்.

"வேண்டிக்கிட்டது இந்த முருகன்கிட்ட. அடுத்த ஊர்ல போய் நின்னா, விலாசம் மாறிப் போன மாதிரி இருக்கும்."

"இதையும் மைக்ல சொல்லிடாதே."

கொடியேற்றத்துக்கு முந்தின மாலை சபை கூடியது. தலைவர் திருவேங்கடம், ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. சட்டையின் மேல்பித்தானைக்கூடத் திறந்து விட்டறியாதவர். இரு தரப்பும் குரலை உயர்த்தவே, முடிவைக் குருக்களிடம் விடுவதென்று ஏற்பாடாயிற்று. குருக்கள் வெங்கடசுப்பிரமணியன் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கிரியோல் தெரியாது, தொலைக்காட்சி பார்ப்பதும் இல்லை.

"அந்தப் பொண் என்ன சொன்னாள்னு எனக்குச் சொல்லுங்கோ. கேட்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்றது?" என்றார் அவர்.

எல்லாரும் பேசுவது கிரியோல்; சபையில் தமிழ் ஓரளவு பேசக்கூடியவர் தலைவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவருக்குத் தெரிந்தது தேவாரத் தமிழும் அழைப்பிதழ்த் தமிழும்.

"சாமி, ஒரு மாமா இருக்கிறார். அவர் விரதம். அவர் இரவில் பிரிஜ் திறக்கிறார். மீனைத் தரிசனம் செய்கிறார்."

"எதைத் தரிசனம்?"

"மீனை, சாமி. பிறகு மூடுகிறார். பார்ப்பது பாவம் இல்லை என்று அருளுகிறார்."

சபையின் கடைசி வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. தலைவர் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"மாமிக்கு மகிழ்ச்சி. ஏன் என்றால் மாமா தனியாகச் சயனம்…" அதற்கு மேல் அவரால் முடியவில்லை. உதடு கோணியது. மேல்பித்தானைத் தடவினார். இன்னொருமுறை தொடங்கினார். "தனியாக…" என்றவர் சட்டென்று உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. காப்புக் கட்டக் கூடாது என்று மேசையைத் தட்டிய உறுப்பினர்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். "அது நீங்கதானே பிரசிதாம்!" என்று அவர் தலைவரைப் பார்த்துக் கிரியோலில் கத்தவே, மண்டபம் முழுவதும் சிரித்து உருண்டது.

கதவோரம் நின்ற பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. தன் சொல் தான் இல்லாமலே நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருக்களும் சிரிக்கவில்லை. சிரிப்பு ஓயக் காத்திருந்து, மிக இயல்பாக ஒன்று சொன்னார்: "இதுக்கா இத்தனை சண்டை? பால் வெயில்ல திரியும்தான். அது பாலோட குணம். விரதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நான் வளர்ந்த ஊர்ல அப்படி ஒரு சோதனையே கிடையாது. திரிஞ்சா வேற பால் எடுத்துப்போம்."

மண்டபம் உறைந்தது. தமிழ் புரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் முணுமுணுத்துச் சொல்ல, அந்த உறைவு வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் போனது. பாக்கியத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒரே முகத்துடன் குருக்களைப் பார்த்தார்கள். தலைவர் கைக்குட்டையை இறக்கினார்.

பதில் சொன்னவள் பாக்கியம். மாலை வகுப்பில் கற்ற சிறிது தமிழை ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"சாமி, கோபம் வேண்டாம். உங்க ஊர்ல இல்லை. சரி. இங்கே இருக்கு. எங்க ஆளுங்க கப்பல்ல வந்தாங்க. கரும்புல வேலை. கோவில் இல்லை, குருக்கள் இல்லை, புத்தகம் இல்லை. நீ நல்லவன்னு யார் சொல்றது? பால்தான் சொல்லும். அதை வச்சு நான் சிரிக்கலாம், சாமி. நீங்க இல்லைன்னு சொல்லக் கூடாது."

தான் தொலைக்காட்சியில் எதைக் கிண்டல் செய்தாளோ அதற்காகவே தன் குரல் நடுங்குவதை அவளும் அப்போதுதான் கேட்டாள்.

குருக்கள் அவள் பக்கம் திரும்பினார். "தப்பு என்பேர்லதாம்மா. உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. காட்டுங்கோ, பார்த்துக் கத்துக்கறேன்."

திருவேங்கடம் எழுந்தார். "காப்புக் கட்டுங்க, சாமி" என்றார். பிறகு பாக்கியத்தின் பக்கம் திரும்பிக் கிரியோலில் சொன்னார்: "ஆனா ஒண்ணு. ஊரே உன் செம்பைத்தான் பார்க்கும்."

"அதான் மாமா எனக்கும் பயம். காவடி புறப்படற ஆத்தங்கரையிலேயே பாலைக் கறக்கச் சொல்லுங்க. உங்க கையாலேயே மூடுங்க."

விரத நாட்களில் தொடரின் தயாரிப்பாளர் அலான் வீட்டுக்கு வந்தார். காவடியன்று படக்கருவியுடன் உடன் வருவதாகவும், அவள் முகத்தைத் தீவு முழுவதும் பார்க்க வேண்டும் என்றும் கேட்டார்.

"அன்னிக்கு நான் பேசமாட்டேனே முசே அலான். பேசாத ஆளை வச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று வாசலோடு அனுப்பி வைத்தாள்.

பத்தாம் நாள் காலை ஆற்றங்கரையில் பசுவின் மடியிலிருந்து செம்புக்குள் நேராகப் பால் இறங்கியது. இளஞ்சூட்டோடு நுரைத்த அதைத் திருவேங்கடம் இலையால் மூடி மஞ்சள் நூலால் கட்டினார். குருக்கள் அவள் நாவில் வெள்ளி வேலைச் செலுத்தினார். சுருக்கென்ற வலி வந்து போனது. அதன்பின் நாக்கு இருந்த இடத்தில் ஒரு கனம் மட்டும் இருந்தது. பூவும் பச்சிலையும் சூடிய காவடி தோளில் ஏறியது. அதன் அடியில் பால் செம்பு தொங்கியது. ஆறுமுகம் காலை இழுத்தபடியே பக்கத்தில் நடந்தான்.

சாலையின் இருமருங்கிலும் கூட்டம். முந்தின ஆண்டுகளில் காவடிகளைப் பார்க்க வந்த கூட்டம் இம்முறை ஒரு காவடியைத் தேடியது. "அதோ அவ!" என்றது ஒரு குரல். "மாமி சுகமா?" என்றது இன்னொன்று. கூரைமேல் நின்ற சில வாலிபர்கள், "மின்சாரத்தைச் சோதி!" என்று கூவினார்கள். அவள் சொற்கள் எல்லாம் பிறர் வாயில் ஏறிக்கொண்டு அவளை நோக்கித் திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது; அவற்றில் இரண்டு மிக நல்ல பதில்கள். வேல் அவற்றை அங்கேயே நிறுத்தியது.

வெயில் ஏறியது. தார் இளகிப் பாதத்தில் ஒட்டியது. செம்பு ஒவ்வோர் அடிக்கும் உள்ளே தளும்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது. குருக்கள் சொன்னதுதான் உண்மை, பால் வெயிலில் திரியும் என்று அறிவு சொன்னது. தான் சொன்னதும் உண்மை என்று நெஞ்சு சொன்னது. இரண்டையும் சுமந்துகொண்டு நடந்தாள். கேலிக் குரல்கள் எப்போது ஓய்ந்தன என்று அவளுக்குத் தெரியவில்லை. பதில் வராத இடத்தில் கேலி நெடுநேரம் நிற்பதில்லை போலும். கடைத்தெரு திரும்பியபோது சாலை அமைதியாக இருந்தது. வாய் ஓயாத அந்தப் பெண் வாய் திறவாமல் போவதைச் சனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அப்போது பாதத்தில் சில்லென்று தண்ணீர் விழுந்தது. வாளியோடு தனலட்சுமி குனிந்திருந்தாள். தலை நிமிராமலே, "நட, பாக்கியம்" என்றாள். பாதத்தில் ஊற்றிய நீர் அவள் பாதத்துக்கு முன்னேயும் கொஞ்சம் ஓடிச் சாலையைக் கறுப்பாக்கியது.

கோவிலில் அவள் முறை வந்தது. திருவேங்கடம் நூலை அறுத்தார், இலையை நீக்கினார். எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லாதவர் போல் செம்பைக் குருக்களிடம் நீட்டினார். குருக்கள் செம்பைச் சாய்த்தார்.

வந்தது பால். கட்டியில்லாமல், கறந்த நிறத்தில், முருகன் கையிலிருந்த வேலின் நுனியில் தொடங்கி அவன் தோளிலும் மார்பிலும் ஒரே ஒழுக்காக இறங்கியது. "அரோகரா!" என்று முதலில் எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காலியான செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குருக்கள் நின்றவர் நின்றபடியே இருந்தார். அடுத்த செம்புக்குக் கை நீட்ட அவர் மறந்துபோயிருந்தார்.

அவள் நாவிலிருந்த வேலை எடுத்து, அங்கே விபூதி வைத்தார்கள். தனலட்சுமி தண்ணீர் கொடுத்தாள். சுற்றிலும் ஒரு வட்டம் கூடிவிட்டது. யொலாந்த்கூடச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். இந்த நாளைப் பற்றி இவள் என்ன சொல்லப்போகிறாள் என்ற ஆவலில், சிலர் சிரிப்பதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தார்கள்.

ஆறுமுகம் அவள் காதருகே குனிந்தான். "என்ன, ஒண்ணும் சொல்லலியா?"

பாக்கியத்தின் கண்கள் முருகனின் மார்பில் இன்னும் வடிந்துகொண்டிருந்த பாலில் இருந்தன.

"இரு" என்றாள். "பார்த்துக்கிட்டு இருக்கேன்."